ஆறு வாரமா, ஆயுள் முழுக்கவா?

1915இல் ஈ. எம். ஃபார்ஸ்டர் தன் புதிய நாவலின் பிரதியை நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சியிடம் படிக்கக் கொடுத்தார். வந்த பதில் கடிதத்தில் பாராட்டு நிறைய இருந்தது. கூடவே ஸ்ட்ரேச்சி ஒரு குண்டையும் தூக்கிப் போட்டிருந்தார். நாவலின் கடைசியில் ஒன்றுசேர்கிற அந்த இரண்டு ஆண்களின் உறவு வெறும் ஆர்வத்தாலும் காமத்தாலும் ஆனது, ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது என்று அவர் எழுதியதாக ஃபார்ஸ்டர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நாவலின் பெயர் ‘மாரிஸ்’. அது அச்சேற இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அதற்குள்ளேயே வாசகர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். அந்தப் பிரிவு இன்றுவரை தீரவில்லை.

நான் மாரிஸின் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன், எதிர்க்கட்சியின் வாதங்களை அவற்றுக்குரிய மரியாதையோடு எடுத்துவைக்க வேண்டும். இந்த நாவலைக் குறை சொன்னவர்களில் பலர் அதைக் கூர்ந்து படித்தவர்கள்.

கதை இதுதான். மாரிஸ் ஹால் லண்டனுக்கு அருகில் ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்துப் பையன். கேம்பிரிட்ஜில் கிளைவ் டர்ஹாம் என்ற ஜமீன் வீட்டுப் பிள்ளையோடு பழகுகிறான். பிளேட்டோவைப் படித்த கிளைவ்தான் முதலில் காதலைச் சொல்கிறான். மாரிஸ் அதிர்ந்து மறுத்து, பிறகு தன்னைத்தானே கண்டுகொண்டு ஏற்கிறான். உடல் தீண்டாத அந்தக் காதல் சில ஆண்டுகள் நடக்கிறது. பிறகு கிளைவ் கிரேக்கத்துக்குத் தனியே பயணம் போகிறான். இனி தனக்குப் பெண்கள்மீதுதான் நாட்டம் என்று அங்கிருந்து எழுதுகிறான். திரும்பி வந்து ஆனியை மணக்கிறான். உடைந்துபோன மாரிஸ் மருத்துவரிடம் போகிறான், மனோவசியக்காரரிடம் போகிறான், எதுவும் பலிக்கவில்லை. கிளைவின் பெஞ்ச் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும்போது, அங்கே வேட்டைக்காட்டைக் காவல் காக்கும் அலெக் ஸ்கடர் ஓர் இரவு ஏணி வைத்து அவன் அறைக்குள் ஏறி வருகிறான். அங்கிருந்து கதை வேறு வேகம் எடுக்கிறது. அலெக் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேற வேண்டியவன், ஏறவில்லை. இருவரும் சேர்கிறார்கள். பிரிவும் இல்லை, சாவும் இல்லை, சிறையும் இல்லை.

எதிர்க்கட்சியின் முதல் குற்றச்சாட்டு, அலெக் மிகத் தாமதமாக வருகிறான் என்பது. நாவலின் பாதிக்குமேல் கிளைவுக்கே போய்விடுகிறது. அலெக்குக்குக் கிடைப்பது கடைசிப் பகுதி மட்டும். இரண்டாவது, கிளைவின் மாற்றம். கிரேக்கத்தில் ஓர் அரங்கின் இடிபாடுகளில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவனின் நாட்டம் இப்படித் திசை மாறுமா? மூன்றாவது, பெண் பாத்திரங்கள். ‘ஹவர்ட்ஸ் எண்ட்’ நாவலில் மார்கரெட்டைப் படைத்த கை, இங்கே மாரிஸின் அம்மாவையும் தங்கைகளையும் கோட்டுருவங்களாக விட்டுவிட்டது. நான்காவதுதான் பெரியது. முடிவு நம்பும்படி இல்லை, எழுதியவர் தன் ஆசையைக் கதையாக்கிவிட்டார் என்பது.

மூன்றாவதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 1987இல் இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரித்து ஜேம்ஸ் ஐவரி இயக்கிய படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாவலில் இல்லாத ஒரு சம்பவத்தை அவர்கள் சேர்த்தார்கள். கேம்பிரிட்ஜ் நண்பன் ரிஸ்லி பொறியில் சிக்கி, வழக்கு நடந்து, சிறைக்குப் போகிறான். அதைக் கண்ட பயத்தில் கிளைவ் ஒதுங்குகிறான். திரையில் காரணம் கேட்பார்கள் என்று தெரிந்து காரணம் தந்தார்கள், படத்துக்கு அது பொருந்தியும் போயிற்று. நாவலோ காரணம் தர மறுக்கிறது. அங்கே கிளைவ் பயந்தான் என்று நாம் ஊகிக்கலாம், உண்மையிலேயே மாறினான் என்றும் ஊகிக்கலாம். கைவிடப்பட்ட மாரிஸுக்கும் அதே நிலைதான், அவனுக்கும் கடைசிவரை விளங்குவதில்லை. அந்தப் புரியாமையில் அவனோடு நாமும் மாட்டிக்கொள்வது எனக்கு நாவலின் பலமாகவே படுகிறது.

மற்ற இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் பதில் நாவலின் கட்டுமானத்தில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். பதினான்கு வயது மாரிஸைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறார் ஆசிரியர் டூசி. ஆண்-பெண் உறவின் ரகசியத்தை மணலில் படம் வரைந்து விளக்குகிறார். பத்து ஆண்டு கழித்து மனைவியோடு விருந்துக்கு வா என்கிறார். கொஞ்ச தூரம் நடந்ததும், வரைந்ததை அழிக்காமல் வந்துவிட்டோமே, யாராவது பார்த்துவிட்டால் என்று பதறுகிறார். பையனுக்கு அந்த நொடியில் ஆசிரியர்மேல் இருந்த மதிப்பு போய்விடுகிறது. இவர் சொன்ன எதுவும் தனக்கானது இல்லை என்று அவனுக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்கிறது. பாடம், மரியாதை, கோழைத்தனம் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதை நான்கு பக்கத்தில் காட்டிவிடுகிறார் ஃபார்ஸ்டர்.

இந்த டூசி நாவலின் பிற்பகுதியில் திரும்ப வருகிறார். எனக்கு நாவலிலேயே மிகப் பிடித்த இடம் அது. அலெக் மிரட்டல் தொனியில் கடிதம் எழுதியிருக்கிறான். இருவரும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் சந்திக்கிறார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. எஜமானன், வேலைக்காரன் என்ற பழைய விஷம் இருவர் வாயிலும் ஊறிக்கொண்டிருக்கிறது. சிறகுள்ள அசிரியக் காளைகளின் முன் வந்து நிற்கிறார்கள். அந்தச் சிலைகளுக்கு ஐந்து கால். முன்னாலிருந்து பார்த்தால் நிற்பதுபோலவும் பக்கத்திலிருந்து பார்த்தால் நடப்பதுபோலவும் தெரிவதற்காகச் சிற்பி கூடுதலாக ஒரு கால் வைத்திருக்கிறான். ஆளுக்கொரு சிலையருகே நின்று அந்த ஐந்தாவது காலைக் கவனிக்கிறார்கள், சிரித்துக்கொள்கிறார்கள். மிரட்டலின் நடுவே வந்துவிட்ட அந்தச் சிரிப்பு முக்கியம். இதற்கு முன் மாரிஸும் அலெக்கும் உடலால் சேர்ந்திருந்தார்கள். சேர்ந்து ஒரு வேடிக்கையைப் பார்த்து ரசிப்பது இப்போதுதான்.

அந்த நேரம் பார்த்து டூசி குடும்பத்தோடு வருகிறார். மாரிஸின் பெயர் அவருக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. மாரிஸ் தன் பெயர் ஸ்கடர் என்கிறான். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அலெக் குறுக்கிட்டு, இவர்மேல் எனக்குப் பெரிய புகார் இருக்கிறது என்கிறான். ஆமாம், மிகப் பெரிய புகார்தான் என்று சொல்லிக்கொண்டே மாரிஸ் அவன் தோளில் கை வைக்கிறான், விரல்கள் பின்கழுத்தைத் தொடுகின்றன. புகார் அத்தோடு முடிந்தது. மணலில் படம் வரைந்து, நீ யாராக வளர வேண்டும் என்று சொல்லித்தந்த அதே மனிதரின் முன்னால், மாரிஸ் தன் வர்க்கத்தின் பெயரைக் கழற்றிவிட்டு ஒரு காட்டுக்காவலனின் பெயரைப் போட்டுக்கொள்கிறான். பருவம் வருவது என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய இன்னொரு காட்சியை நான் படித்ததில்லை.

அலெக் தாமதமாக வருகிறான் என்பவர்கள் பெஞ்ச் அத்தியாயங்களை மீண்டும் மெதுவாகப் படிக்க வேண்டும். அவன் முன்பே ஓரத்தில் இருக்கிறான். வேட்டை முடிந்து மாரிஸ் நீட்டும் ஐந்து ஷில்லிங்கை வாங்க மறுக்கிற ஒரு வேலையாளாகக் கண்ணில் படுகிறான். மாரிஸுக்குக் கோபம் வருகிறது, இவனுக்கென்ன இவ்வளவு திமிர் என்று. வேலையாட்களை மனிதர்களாகப் பார்க்கப் பழகாத கண்ணோடுதான் மாரிஸ் நடமாடுகிறான், நம்மையும் அதே கண்ணோடு படிக்க வைக்கிறார் ஃபார்ஸ்டர். மாரிஸ் பார்க்கத் தொடங்கும்போதுதான் நமக்கும் அலெக் துலங்குகிறான். கூரை ஒழுகுகிற, பழைய பெருமை மட்டும் மிச்சமிருக்கிற அந்த மாளிகையில் ஏணி போட்டு ஏறி வருபவன் வேலைக்காரன் என்பதையும் கவனிக்க வேண்டும். இதெல்லாம் தற்செயலாக அமையாது. பிரதியைப் படித்த நண்பர்களின் குறைகளைக் கேட்டு, 1930களிலும் பிறகு 1959-60லும் ஃபார்ஸ்டர் அலெக் வரும் பகுதிகளைத் திருத்தி விரித்தும் இருக்கிறார்.

இனி அந்த முடிவு. முதல் பிரதியில் ஒரு பின்னுரை அத்தியாயம் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து மாரிஸின் தங்கை கிட்டி, காட்டில் மரம் வெட்டுகிற இருவரைச் சந்திப்பதாக எழுதியிருந்தார். படித்த யாருக்கும் பிடிக்கவில்லை, ஃபார்ஸ்டர் அதை எடுத்துவிட்டார். இப்போது நாவல் முடிவது கிளைவிடம். இரவில் தோட்டத்தில் நின்று மாரிஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இருட்டில் போய்விடுகிறான். அவன் எந்த நொடியில் போனான் என்றுகூடக் கிளைவுக்குச் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் போய், இதை ஆனியிடம் எப்படி மறைப்பது என்று யோசிக்கத் தொடங்குகிறான். காதலர்களின் இன்பத்தை ஒரு வரிகூட நமக்குக் காட்டாமல், அதை இழந்தவனின் அறையில் நம்மை விட்டுவிட்டுப் போகிறார் ஆசிரியர். ஆசையைக் கதையாக்குகிறவர் இப்படி முடிப்பாரா? பிடித்ததையெல்லாம் கொட்டி எழுதியிருக்க மாட்டாரா?

நம்பும்படி இல்லை என்பவர்களுக்கு வாழ்க்கையிலிருந்தும் பதில் உண்டு. 1913இல் ஃபார்ஸ்டர் டார்பிஷயரில் மில்தோர்ப் என்ற ஊருக்குப் போனார். கேம்பிரிட்ஜ் வேலையையும் பாதிரிப் பட்டத்தையும் உதறிவிட்டு வந்த எட்வர்ட் கார்ப்பென்டர், ஷெஃபீல்டின் ஏழைத் தெருவில் வளர்ந்த ஜார்ஜ் மெரிலோடு அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார். மெரில் ஃபார்ஸ்டரின் பின்புறத்தை, இடுப்புக்குச் சற்றுக் கீழே, மெல்லத் தொட்டார். அந்தத் தொடுகையிலிருந்துதான் நாவல் பிறந்தது என்று ஃபார்ஸ்டரே எழுதியிருக்கிறார். 1898இல் சேர்ந்து வாழத் தொடங்கிய அந்த இருவரும், மெரில் 1928இல் இறக்கும்வரை பிரியவில்லை. ஸ்ட்ரேச்சி சொன்ன ஆறு வாரத்துக்கு எதிரே வைக்க வேண்டிய கணக்கு இது. ஃபார்ஸ்டரின் சொந்தக் கதையும் உண்டு. 1930இல் அறிமுகமான காவல்துறைக்காரர் பாப் பக்கிங்ஹாமோடு அவருக்கு நாற்பது ஆண்டு நேசம். 1970இல் அவர் உயிர் பிரிந்தது கோவென்ட்ரியில் பாப் தம்பதியின் வீட்டில்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஸ்ட்ரேச்சிக்கு ஆணும் ஆணும் காதலிப்பதில் எந்தத் தயக்கமும் இல்லை, அவரே அப்படிக் காதலித்தவர். அவரால் நம்ப முடியாமல் போனது, பங்குத் தரகனான மாரிஸும் காட்டுக்காவலனான அலெக்கும் ஒரே அடுப்படியில் காலம் தள்ளுவார்கள் என்பதை. இன்றைய வாசகர்கள் ‘இது நடக்குமா’ என்று கேட்கும்போதும் பெரும்பாலும் அதையேதான் கேட்கிறார்கள். ஃபார்ஸ்டரின் துணிச்சல் இரண்டு மடங்கு. 1885ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்கு அனுப்புகிற காதலை எழுதினார். அந்தக் காதலுக்கு வர்க்கத்தைத் தாண்டுவதை விலையாக வைத்தார். கிளைவ் அந்த விலையைக் கொடுக்க மறுத்தவன், மாரிஸ் கொடுத்தவன்.

எதிர்க்கட்சியில் இன்னொரு குரலும் உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். 1967இல் இங்கிலாந்தில் சட்டம் மாறிய பிறகும் ஃபார்ஸ்டர் நாவலை வெளியிடவில்லை. அது வந்தது 1971இல், அவர் மறைந்த பிறகு. அந்தப் புத்தகம் கையில் கிடைத்திருந்தால் தைரியம் பெற்றிருக்கக்கூடிய எத்தனையோ பேர் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்து மறைந்தார்கள். அவர்கள் சார்பாக வருகிற மனத்தாங்கல் நியாயமானது. ஆனால் எழுதும்போது அவர் பின்வாங்கவில்லை. ஒருவனைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தால் வெளியிடுவது எளிது என்று அவருக்குத் தெரியும், அதைச் சொல்லியும் இருக்கிறார். சோகமாக முடித்து அச்சேற்றுவதைவிட, சந்தோஷமாக முடித்து மேசைக்குள் பூட்டிவைப்பது மேல் என்று தேர்ந்தார். ‘எ பாஸேஜ் டு இந்தியா’வை எழுதியவர் என்று மட்டும் அவரை அறிந்திருக்கிற நம் வாசகர்கள் இந்த நாவலையும் படிக்க வேண்டும். படித்து, எந்தக் கட்சி என்று முடிவு செய்யுங்கள். நம்ப முடியவில்லை என்று தோன்றினால், எதை நம்ப முடியவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்களின் காதலையா, அல்லது ஒருவன் தனக்குப் பிறப்பால் கிடைத்த இடத்தை விட்டு இறங்கி வந்து நிம்மதியாக இருப்பான் என்பதையா?