கருப்பொருள் வழியே ஒரு நாவல்: ‘கோவேறு கழுதைகள்’ கற்பித்தல் குறித்து

நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு எளிதாகக் கிட்டும் வழி தலைப்புப் பிரித்தலாகும். வர்க்கம், சாதி, வரலாறு என மூன்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றன் கீழும் சான்று சில காட்டினால் தேர்வுக்குரிய விடை முற்றுப்பெறும். இவ்வழி மாணவர்க்கு மதிப்பெண் தரும் என்பதில் ஐயமில்லை. நாவலைத் தருமோ என்பதே ஆராய்தற்குரியது.

ரிஷிவந்தியத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து வரும் முதுகலை மாணவர்க்கு இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலை யான் முதன்முறை கற்பித்தபோது, இம்மூன்று தலைப்புகளையே கரும்பலகையில் எழுதினேன். காலனி மக்களுக்குத் துணி வெளுத்து வாழும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. ஆரோக்கியமும் அவள் கணவன் சவுரியும் யாருக்கு உழைக்கின்றனரோ, அவர்களும் தீண்டாமைக்கு ஆட்பட்டவர்களே. இதனைச் ‘சாதி’ என்னும் தலைப்பின் கீழ் எழுதி முடித்தேன். அப்பொழுது ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, ஆரோக்கியத்துக்குக் கூலி எவ்வளவு?” என்று வினவினார். விடை கூற இயலவில்லை. நாவலில் விடை இல்லாமையன்று காரணம். யான் வகுத்த தலைப்புகளுள் அவ்விடைக்கு இடமின்மையே காரணம்.

அவ்வினாவே தொல்காப்பியத்தை நினைவூட்டியது. தொல்காப்பியர் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். கருப்பொருளுள் உணவையும் ‘செய்தி’யையும் வைத்தார். செய்தி என்பதற்குத் தொழில் என்றே உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். ஒரு திணையின் மாந்தரை அறிய வேண்டின், அவர் உண்பது யாது, செய்வது யாது என முதற்கண் வினவுதல் நம் மரபு. சங்கப் பாடலுக்கு மட்டும் இம்முறையைப் பயன்படுத்தி, நாவலுக்கு வேறு அளவுகோல் தேடுவது ஏன்?

உணவிலிருந்து தொடங்குவோம். ஆரோக்கியம் இரவில் வீடுவீடாகச் சென்று சோறு பெறுகிறாள். அறுவடைக் காலத்தில் களத்தில் தானியம் பெறுகிறாள். அது கூலியா எனின், அளவு குறித்துப் பேசப்பட்ட கூலி அன்று. பிச்சையா எனின், உழைப்பின்றிப் பெறுவதும் அன்று. உரிமை என்று அவள் கருதுவதை இரக்கம் என்று கொடுப்போர் கருதுகின்றனர். ஒரே சோற்றுக்கு இருபுறத்தும் இருவேறு பெயர் உண்டு. சாதியும் வர்க்கமும் பிரிக்க இயலாதவாறு கலந்து நிற்கும் இடம் அந்தச் சோறே ஆகும்.

இனித் தொழில். நாவல் வளர்கையில் சலவைக் கடையும் தையல் கடையும் தோன்றுகின்றன. பணம் கொடுத்துத் துணி வெளுக்கும் வழக்கம் பரவுகின்றது. பழைய முறை இழிவானது. ஆயினும் அது தேய்கையில் ஆரோக்கியத்தின் வயிறும் காய்கின்றது. இழிவு நீங்கும் முன்னரே பிழைப்பு நீங்கிவிடுகின்றது. இந்நாவலில் வரலாறு ஆண்டுக் கணக்காக வாராது, ஒரு கடையாக வந்து ஊருக்குள் அமர்கின்றது. முதற்பொருளாகிய பொழுது இவ்வாறு கருப்பொருளின் மாற்றத்தால் புலனாகின்றது.

இதனை இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) நாவலோடு ஒப்பிட்டுக் கற்பித்தல் பயன் தரும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரியுண்ட கொடுமையை அடிப்படையாகக் கொண்டது அந்நாவல். கூலிப் போராட்டத்தின் பின்னணியில் நிகழ்ந்த அதனை மாணவர் உடனே வரலாறு என ஏற்பர். நாளும் இடமும் அதற்கு உண்டு. ஆயினும், நிலவுடைமையாளனின் கொடுமைக்கு அவனது உடற்குறையை உளவியற் காரணமாகக் காட்டியமை, வர்க்கப் பகையைத் தனியொருவன் நோயாகச் சுருக்கிவிட்டது என்னும் கண்டனம் எழுந்தது. நிகழ்ச்சி பெரிதாயினும் காரணம் சிறிதாகலாம் என்பதற்கு அந்நாவல் சான்று. நிகழ்ச்சி ஒன்றும் பெரிதாக இல்லாதபோதும் காரணம் பெரிதாகலாம் என்பதற்குக் ‘கோவேறு கழுதைகள்’ சான்று.

இந்நாவலுக்கும் மறுப்பு எழாமல் இல்லை. ஒடுக்கப்பட்டோருக்குள் உள்ள வேற்றுமையை வெளிப்படுத்துவது அவர்தம் ஒற்றுமையைக் குலைக்கும் என்றனர் சிலர். மறைத்து வைத்த ஏற்றத்தாழ்வின்மேல் கட்டிய ஒற்றுமை நிலைக்காது என்பதே என் கருத்து. தமிழ்நாடு அரசு புதிரை வண்ணார் நலவாரியத்தை அமைத்தது 2009-இல். நாவல் வெளிவந்து 15 ஆண்டுகள் கழிந்த பின்னர். ஆயினும் குறை ஒன்று உண்டு. நிலமுடைய மேற்சாதியார் இந்நாவலில் பெரும்பாலும் விளிம்பிலேயே நிற்கின்றனர். காலனி மக்கள் ஆரோக்கியத்துக்கு அளக்கும் தானியம் அவர்களே பிறர் நிலத்தில் உழைத்துப் பெற்றது. அத்தொடரின் மேற்கண்ணி மங்கலாக இருத்தலால், பழி முழுவதும் காலனியின் மேல் விழ இடமுண்டு. அக்கண்ணியை விளக்கிக் காட்டுதல் ஆசிரியர் கடன்.

ஈண்டு என் பிழையொன்றையும் கூறுதல் வேண்டும். முதலாண்டில், “உங்கள் ஊரில் இவ்வழக்கம் உண்டா?” என ஒரு மாணவரை நோக்கி வினவினேன். அவர் தலை குனிந்தார். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. நாவலுக்குச் சான்று தேடி, ஒரு மாணவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டேன். உணவையும் தொழிலையும் நாவலிலேயே தேடச் சொல்லும் முறையில் எவரும் தம் பிறப்பை அவையில் வைக்க வேண்டுவதில்லை.

விரும்பியோர் தாமே பேசுவர். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலையிலிருந்து வந்த மாணவர் ஒருவர், ஆரோக்கியம் பெற்ற தானியத்தைப் பற்றி எழுதுகையில், தம் பாட்டனார் கூலியின்றி உழைத்த நாட்களையும் கேட்காமலே எழுதினார். சாதி வேறு, நிலம் வேறு, வினா ஒன்றே. அன்று கேட்ட வினாவை இன்று யானே கரும்பலகையில் முதலில் எழுதுகின்றேன்: ஆரோக்கியத்துக்குக் கூலி எவ்வளவு?