எழுத்துக்குத் துணை

குற்றம் கண்டு எழுதுவதும் இலக்கியத் தொண்டே. அத்தொண்டினை மதிப்பிட எழுதியவரின் துணிவை மட்டும் நோக்குதல் போதாது. அவருக்கு இடர் வந்தபோது உடன் எழுதுவோர் என்ன செய்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

2005ஆம் ஆண்டில் இந்தியாவில் ஐ.ஐ.பி.எம். என்னும் வணிக மேலாண்மைக் கல்வி நிலையம் விளம்பரங்களில் அடுக்கிய பெருமைகளை, இரஷ்மி பன்சால் நடத்திய 'ஜாம்' இதழ் ஆராய்ந்து வெளியிட்டது. அதனைச் சுட்டி இணையத்தில் எழுதினார் கௌரவ் சப்னிஸ். வழக்கு மிரட்டல் வந்தது. அவர் பணியாற்றிய ஐ.பி.எம். நிறுவனத்தின் மீதும் நெருக்குதல் திரும்பியது. சப்னிஸ் எழுதியதை நீக்கவில்லை, வேலையைத் துறந்தார்.

இணையத்தில் எழுதுவோர் பலர் அவருக்காகத் திரண்டனர். வாழ்த்தொலியோடு நின்றிருந்தால் அது வெறும் ஆரவாரம். விளம்பரக் கூற்றுகளைத் தாமும் சரிபார்த்து எழுதியவர்களே மெய்யான துணை நின்றவர்கள். 2014 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், அந்நிலையம் எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்னும் பெயர்களைத் தன் படிப்புகளுக்குச் சூட்டக்கூடாதெனத் தடை விதித்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் பெற்றோர்க்குக் காவலாய் இருந்தவற்றுள் இவ்வெழுத்துகளும் அடங்கும்.

இது நமக்கும் உரிய பாடம். தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் உழைத்துப் பிள்ளையின் படிப்புக்குச் சேமிக்கும் திரிங்காப் பெற்றோர், தொலைநகரக் கல்லூரியை விளம்பரத்தாளைக் கொண்டே அறிகின்றனர். அத்தாளைச் சோதிக்கும் எழுத்து அவர்களுக்கு அரண். அவ்வெழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்தும் சங்கங்கள், வழக்கறிஞர் கடிதம் வரும் நாளிலும் அவரருகே நிற்குமா? அதுவே சங்கத்திற்கு உரைகல்.