எழுத்திலிருந்து திரைக்கு: இராஜிந்தர் சிங் பேடி

நல்ல எழுத்தாளன் ஒருவன் திரைப்படத்துறையிற் புகுந்துவிட்டால் இலக்கியம் அவனை இழந்துவிட்டது என்று இரங்குவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. இழந்தது யாது என்று வினவுவார் சிலரே. உருதுச் சிறுகதையின் முதல்வர்களுள் ஒருவராக எண்ணப்படும் இராஜிந்தர் சிங் பேடியின் வாழ்க்கையை நோக்குமிடத்து, இவ்விரக்கத்திற் பாதியே உண்மை என்பது புலனாகின்றது. மறுபாதி சற்று விசித்திரமானது. அவருடைய தனித்திறன் சொல்லாமல் விடுவதில் இருந்தது. பம்பாய்த் திரையுலகமோ ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அவரிடமிருந்து சொற்களையே விலைக்கு வாங்கிற்று.

பேடி 1915 ஆம் ஆண்டு பஞ்சாபிலே பிறந்தவர். தந்தையார் சீக்கியர், தாயார் இந்து. வீட்டு மொழி பஞ்சாபி. எழுதிய மொழி உருது. இளமையில் லாகூர்த் தபாற் கந்தோரில் இலிகிதராகக் கடமையாற்றிப் பின்னர் வானொலியிற் சேர்ந்தார். 1947 இல் நாடு பிரிவுற்றபோது லாகூரை விட்டு நீங்கியவர், 1948 இல் ஜம்மு வானொலி நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்து, அடுத்த ஆண்டிற் பம்பாய் சேர்ந்தார். அவரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் மண்டோ, கிருஷண் சந்தர், இஸ்மத் சுக்தாய் ஆகிய மூவரும் அத்திரையுலகின் ஊதியத்தை அறிந்தவர்களே. ஆயினும் அந்நால்வருள் மிக மெல்ல எழுதியவர் பேடி. எழுதுமுன்னும் எழுதும்போதும் எழுதிய பின்னும் இவர் சிந்தித்துக்கொண்டேயிருக்கிறார் என்று மண்டோ குறை கூறியதாகச் சொல்வர். குறையாகச் சொல்லப்பட்டதாயினும் இதனினும் பொருத்தமான மதிப்புரை வேறில்லை என்பேன்.

அம்மெல்லிய நடையின் பயனை அறிய விரும்புவோர் 'கரம் கோட்' என்னும் ஆரம்பகாலக் கதையைப் படித்தல் வேண்டும். தபாற் கந்தோர் இலிகிதன் ஒருவனுடைய கம்பளிக் கோட்டு நைந்து கிழிந்துவிட்டது. புதியது வாங்க மனைவி வற்புறுத்துகின்றாள். அவனோ அவளுக்கும் மக்களுக்கும் வேண்டியவற்றை எண்ணுகின்றான். கையிலிருந்த பத்து ரூபாத் தாள் ஒருநாட் காணாமற் போகின்றது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணியும் நிலைக்கு அவன் வந்துவிடுகின்றான். இறுதியிற் பார்த்தால், அத்தாள் கோட்டின் கிழிந்த பையினூடே நழுவி உட்துணியிற் சிக்கிக் கிடக்கின்றது. கோகோலின் 'மேலங்கி'யை இதனோடு ஒப்பிடாதவர் இல்லை. எனினும் வேறுபாட்டையே யான் பெரிதாகக் கருதுகின்றேன். கோகோலின் இலிகிதன் தனியன். கோட்டுத் திருடுபோகவே மடிகின்றான். பேடியின் இலிகிதனுக்கு ஷம்மி என்றொரு மனைவி உண்டு. வீட்டுக்கு வேண்டியவற்றை வாங்கிவரும்படி மீண்ட பணத்தைக் கொடுத்து அவளைக் கடைத்தெருவுக்கு அனுப்பினால், அவள் அவனுக்குக் கோட்டுத் துணி வாங்கிக்கொண்டு திரும்புகின்றாள். அன்பு என்ற சொல் அங்கு வேண்டப்படவேயில்லை. பணத்தை விழுங்கியதும் அக்கோட்டு, காத்துவைத்திருந்ததும் அக்கோட்டு. ஒரு பொருளை இவ்வாறு பேசவைக்கத் தெரிந்தவனுக்குக் கமரா அந்நியமான கருவியன்று.

பிரிவினையைப் பற்றிய 'லாஜ்வந்தி'யில் இத்திறன் இன்னும் கொடிய இடத்துக்குச் செல்கின்றது. லாஜ்வந்தி என்பது தொட்டாற்சுருங்கிச் செடியின் பெயர். கலவரத்திற் கடத்தப்பட்டு மீண்ட பெண்களை இல்லத்தில் ஏற்கவேண்டுமென்று ஊரெங்கும் முழங்குபவன் சுந்தர்லால். அவனுடைய மனைவியே ஒருநாள் மீண்டு வருகின்றாள். முன்னே அவளை அடித்தவன், இப்போது தேவி என்று போற்றுகின்றான். ஆனால், பட்டதை அவள் சொல்லத் தொடங்கும்போது கேட்க மறுக்கின்றான். அவள் வேண்டியது பழைய சண்டையும் சமாதானமும் உள்ள மனைவி நிலையையே, கிடைத்தது பீடம். ஒரு பெண்ணின் வாயை அடைப்பதற்குக் கருணையும் ஒரு வழி என்பதை இத்துணைச் சிக்கனமாகக் காட்டிய கதையை யான் வேறு கண்டிலேன். உருது அறியாத நான் இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே படித்தேன் என்பதையும் சொல்லிவைத்தல் நேர்மையாகும்.

பம்பாயில் அவர் செய்த வேலை பெரும்பாலும் உரையாடல் எழுதுதல். பிமல் ராயின் 'தேவதாஸ்' (1955), 'மதுமதி' (1958), ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'அனுராதா' (1960), 'சத்யகாம்' (1969) முதலியன அவருடைய வசனத்தைத் தாங்கியவை. இவை இழிந்த வேலையல்ல. பிறருடைய கதைக்கு, பிறருடைய காட்சிக்கு, நடிகர் வாய்க்கு ஏற்ற சொல் என்பது கடினமான கைத்தொழில். 1955 இல் 'கரம் கோட்' படமானபோது திரைக்கதையை அவரே எழுதினார். பல்ராஜ் சாஹ்னி இலிகிதனாக நடித்தார். நெறியாள்கை அமர் குமாருடையது.

இதற்கிடையே எழுத்து நின்றுவிடவில்லை என்பதனை இரங்குவோர் மறந்துவிடுகின்றனர். அவருடைய பெரும்படைப்பாகிய 'ஏக் சாதர் மைலீ சீ' என்னும் குறுநாவல் 1962 இல், திரைத்தொழிலின் நடுவே வெளிவந்ததாகும். கொலையுண்ட வண்டிக்காரனின் மனைவி ராணோ. தான் மகனைப்போல் வளர்த்த கணவனின் தம்பியையே, ஊரார் கட்டாயத்தால், அவள் மணக்க நேர்கின்றது. ஒரு போர்வையை மேலே இட்டுவிட்டால் மணம் முடிந்தது. கோட்டைப் போலவே இங்கும் ஒரு துணி. 1965 இல் சாகித்திய அக்காதெமி இந்நூலுக்குப் பரிசளித்தது. குஷ்வந்த் சிங் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இதனைப் 'ராணோ' என்னும் பெயரிற் பேடியே படமாக்க முனைந்தார். நடிகை கீதா பாலி ராணோவாக நடிக்கலானார். 1965 தை மாதத்தில் கீதா பாலி அம்மை நோயால் இறக்கவே, படமும் கைவிடப்பட்டது. ஓர் எழுத்தாளன் தன் உச்சப் படைப்புடன் திரைக்குள் நுழைய இருந்த வாயில் அவ்வாறு அடைபட்டது.

ஐந்தாண்டுகளின் பின் அவர் நெறியாண்ட முதற்படம் 'தஸ்தக்' (1970) வந்தது. கதவைத் தட்டும் ஓசை என்பது அதன் பொருள். முன்னர் வானொலிக்கு எழுதிய நாடகமொன்றே இதற்கு மூலம். வானொலியிற் கதவு என்பது வெறும் ஒலி. அவ்வொலியை அவர் திரைக்கும் கொண்டுவந்தார். புதுமணத் தம்பதியரான ஹமீதும் சல்மாவும் பம்பாயில் வாடகைக்கு ஒரு வீடு எடுக்கின்றனர். அங்கு முன்னர் வாழ்ந்தவள் ஆடல்பாடலால் ஆடவரை மகிழ்வித்தவள். இரவிற் பழைய வாடிக்கையாளர் கதவைத் தட்டுகின்றனர். சல்மா இசை பயின்றவள். அவள் பாடினால் தெருவார் அதனைத் தொழிலாகக் கொள்கின்றனர். தட்டும் ஓசை நாளடைவிற் கணவனின் மனத்துக்குள்ளேயே கேட்கத் தொடங்குகின்றது. லாஜ்வந்தியின் வாயை அடைத்த சுந்தர்லால் இங்கே வேறுருவில் வந்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றிற்று. சஞ்சீவ் குமார், ரெஹானா சுல்தான் ஆகியோரின் நடிப்பும் மதன் மோகனின் இசையும் இந்திய தேசிய விருதுகளைப் பெற்றன. குறையொன்றும் உண்டு: ஓரிரு காட்சிகளிற் கமரா சல்மாவின் உடலைப் பார்க்கும் பார்வை, கதவைத் தட்டுவோரின் பார்வையினின்றும் வேறுபடவில்லை. கதையில் அத்தகைய தவற்றைப் பேடி செய்திரார்.

'பாகுன்' (1973) தொடக்கத்தில் நம்பிக்கை தருகின்றது. ஹோலி நாளிற் கணவன் மனைவியின் விலையுயர்ந்த சேலையிற் சாயம் தெளித்துவிட, அவள் கூறும் கடுஞ்சொல்லால் வீட்டை விட்டே போய்விடுகின்றான். மீண்டும் ஒரு துணி. ஆனால், சேலையை விட்டு நீங்கியதும் படம் பேசத் தொடங்கிவிடுகின்றது. வஹீதா ரஹ்மான் எவ்வளவு முயன்றும் அப்பேச்சைத் தாங்க முடியவில்லை. படமும் தோல்வியுற்றது. இருபதாண்டு வசனத் தொழில் தன் விலையை இங்கேதான் வசூலித்துக்கொண்டது என்பது என் கருத்து, சிறுகதையில் அன்று. 1978 இல் வந்த 'நவாப் சாஹிப்' பற்றி நீட்டிக்கூற ஒன்றுமில்லை.

பேடி 1984 இல் பம்பாயிற் காலமானார். 1986 இல் ஹேமமாலினி ராணோவாக நடிக்க, சுக்வந்த் டட்டாவின் நெறியாள்கையில் அக்குறுநாவல் இந்தியாவிற் படமாயிற்று. ஆயினும் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, பாகிஸ்தானிலே நடிகை சங்கீதா 'முட்டி பர் சாவல்' என்னும் பெயரில் அதனைப் படமாக்கி, தாமே நாயகியாகவும் நடித்திருந்தார். பேடி 1947 இல் விட்டுவந்த எல்லைக்கு அப்பாலேதான் ராணோ முதன்முதலாகத் திரையில் தோன்றினாள்.