பார்வைக் கணக்கும் மொய்க் கணக்கும்

2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. சென்னையில் இரண்டு முறையும் மதுரையில் ஒரு முறையும் கூடியவர்கள், நான்காவதாக இந்த ஊருக்கு வந்தார்கள். கவிஞர் நா. முத்துநிலவனும் கணினித் தமிழ்ச் சங்க நண்பர்களும் முன்னின்று நடத்தினார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து ஐம்பதாயிரம் ரூபாய் பரிசுக்கு இலக்கியப் போட்டிகள் வைத்தார்கள். பதிவர் கையேடு ஒன்றும் அச்சிட்டார்கள். உள்ளூர்ப் பதிவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள். விடைத்தாள் கட்டை ஓரம் வைத்துவிட்டு, வீட்டு வேலையும் முடித்து, இரவில் தட்டச்சு செய்தவர்கள். பதிவு எழுதிப் பத்துப் பைசா பார்த்தவர்கள் அவர்களில் அபூர்வம்.

பிறகு எதற்காக எழுதினார்கள்? கேட்டால், மனநிறைவுக்காக என்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மனநிறைவு மட்டும்தான் வேண்டுமென்றால் டைரி போதும். வலைப்பூ எழுதுகிறவருக்கு யாராவது படிக்க வேண்டும். படித்தார்கள் என்பது தனக்குத் தெரியவும் வேண்டும். சிக்கல் இந்த இரண்டாவது ஆசையில்தான் தொடங்குகிறது.

பத்திரிகைக்கு எழுதியவருக்கு அந்த விவரம் ஒருநாளும் கிடைத்ததில்லை. இதழ் எத்தனை பிரதி விற்றது என்று தெரியலாம். தன் கதையை எத்தனை பேர் புரட்டாமல் படித்தார்கள் என்று தெரியாது. வலைப்பூவில் பதிவேற்றிய மறுநிமிடமே எண் ஏறத் தொடங்கும். ஓரத்தில் ஒரு கவுண்டர். உள்ளே போனால், வலைப்பூ நடத்த இடம் தரும் ப்ளாகரின் புள்ளிவிவரப் பக்கம், நாடுவாரியாகக் கணக்கு. தமிழே தெரியாத ரஷ்யாவிலிருந்து இருநூறு பார்வைகள் காட்டும். வந்தவை பெரும்பாலும் தானியங்கி நிரல்கள். அது தெரிந்த பிறகும், "என் வலைப்பூவை ரஷ்யாவில்கூடப் படிக்கிறார்கள்" என்று சொல்லிக்கொள்ள ஆசை விடாது. ஃபீட்ஜிட் என்ற பட்டை அப்போது வந்தவரின் ஊரைக் காட்டியது. பக்கத்துத் தெருவிலிருந்து படித்தவரை அது பல நேரம் சென்னைக்காரர் ஆக்கிவிட்டது. சரி, அந்த மட்டில் சந்தோஷம்.

இந்த எண்களை ஏற்றிவிடத் தமிழ்ப் பதிவுலகம் ஒரு வழி கண்டுபிடித்தது. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம், புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்தது. அதன் ஓட்டுப்பட்டையில் வாக்கு விழுந்தால் பதிவு முன்னே வரும். அதனால் பின்னூட்டம் போடுகிறவர், "அருமை, த.ம. 3" என்று முடிப்பார். தமிழ்மணத்தில் மூன்றாவது வாக்கை நான்தான் போட்டேன் என்பதற்கான ரசீது அது. ரசீது வாங்கியவர் அடுத்த நாள் வாக்குப் போட்டவரின் பக்கம் போய், "சிறப்பு, த.ம. 4" என்று எழுதியாக வேண்டும். பதிவர்களே இதை மொய் என்று கிண்டல் செய்தார்கள்.

புதுக்கோட்டைக்காரருக்கு அந்தக் கிண்டலை விளக்க வேண்டியதில்லை. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்துதான். ஆட்டுக்கறி சாப்பாடு போட்டு, மேசை போட்டு, நோட்டில் பெயர் எழுதி வசூலிப்பார்கள். வாங்கியதை, கொடுத்தவர் வைக்கும் விருந்தில் திருப்ப வேண்டும். வட்டியில்லாக் கடனாக அது பல குடும்பங்களைத் தூக்கிவிட்டிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறாகவும் கல்யாணமாகவும் மாறியிருக்கிறது. பதிவுலக மொய்யிலும் அந்த நன்மை கொஞ்சம் உண்டு. முதல் பதிவு போட்டுவிட்டு, தப்பாக எழுதிவிட்டோமோ என்று பயந்திருந்த எத்தனையோ பேர், முக்கியமாகப் பெண்கள், அந்த "அருமை"களால்தான் இரண்டாவது பதிவு எழுதினார்கள். இதை லேசாக நினைக்கக் கூடாது.

ஆனால் மொய் விருந்தில் சாப்பாடு நன்றாக இருந்தது என்று யாரும் சான்றிதழ் எழுதித் தருவதில்லை. பணத்துக்குப் பணம், அவ்வளவுதான். பதிவுலகில் கடனையும் மதிப்புரையையும் ஒரே நோட்டில் எழுதினார்கள். கவிதை சுமார் என்று ஒருவர் உண்மையைச் சொன்னால், அவர் மொய் திருப்பாதவர் ஆகிவிடுவார். எழுத வந்து ஐந்தாறு வருடம் ஆனவரின் நடையில் முதல் வருடத்துப் பிழைகள் அப்படியே இருந்ததற்கு இது ஒரு காரணம் என்பேன். எண் ஏறியது, எழுத்து ஏறவில்லை.

பணத்துக்கு வருவோம். தமிழில் எழுதிப் பணம் பார்க்கக் கூகுளே வெகுகாலம் வழி விடவில்லை. ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டத்தில் தமிழ் முறையாகச் சேர்ந்தது 2018-இல்தான். அதற்குமுன் ஆங்கில வலைப்பூ ஒன்றைக் காட்டிக் கணக்கு வாங்கி, அந்த நிரலைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டியவர்கள் உண்டு. சிலர் அங்கேயும் மொய் முறையைக் கொண்டுபோனார்கள்: என் விளம்பரத்தை நீ சொடுக்கு, உன்னுடையதை நான் சொடுக்குகிறேன். கூகுள் கண்டுபிடித்துக் கணக்கையே முடக்கியது. ஒழுங்காக நடந்தவருக்கும் நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். தினம் ஐம்பது பேர் வரும் கவிதை வலைப்பூவுக்கு அது எந்தக் காலத்தில் சேர்வது? அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. வேறு வருமானம் என்றால் நடத்தை விதி குறுக்கே நிற்கும். வருமானமே வேண்டாம் என்று பல பதிவர்கள் பெருமையாகச் சொன்னதில், கொள்கை பாதி, வழியில்லாமை பாதி.

தமிழுக்கு ஆட்சென்ஸ் கதவு திறந்த அதே 2018-இல், இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்தில் சில இளைஞர்கள் கேமராவோடு வயலில் இறங்கினார்கள். சமையல் தொழில் பழகிய தாத்தா பெரியதம்பி கரண்டி பிடிக்க, வில்லேஜ் குக்கிங் சேனல் பிறந்தது. வருடம் முழுக்க விவசாய வேலை இல்லாத ஊரில் பிழைக்க ஒரு வழி வேண்டும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு காளான் பிரியாணி சாப்பிட்டார். அந்த ஆண்டே ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனார்கள். முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள்.

பணத்தை எண்ணி இறங்கினால் தரம் கெடும் என்பவர்களுக்கு இந்தச் சேனல் சங்கடமான உதாரணம். அவர்கள் யாருக்கும் மொய் எழுதவில்லை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் முன்பின் தெரியாதவர்கள். பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பயம் வேலையைத் திருத்தமாக்கியது. இதற்கும் விலை உண்டு. எது ஓடுகிறதோ அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஆடு, கோழி, மீன் என்று அளவு பெரிதாகிக்கொண்டே போகும். குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றி ஒரு காணொளி போடலாம் என்று அவர்களுக்குத் தோன்றினாலும், பார்வை எண்ணிக்கை அதற்கு இடம் கொடுக்காது. ஐம்பது பேர் படிக்கும் ஆசிரியர் அதை எழுதலாம். தடுக்க ஆளில்லை. காசு பார்க்காத எழுத்தின் உண்மையான சலுகை இதுதான். பதிவர்கள் அதை மொய்க்கு விற்றதுதான் எனக்கு ஆதங்கம்.

தமிழ்மணம் இப்போது ஓய்ந்துவிட்டது. வாக்குப் போட்ட நண்பர்கள் முகநூலுக்கும் வாட்ஸப்புக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் பழைய வலைப்பூக்களுக்கு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கோ ஒரு மாணவி திருமயம் கோட்டையைப் பற்றித் தேடுகிறாள், கூகுள் 2014-ஆம் வருடப் பதிவு ஒன்றைக் காட்டுகிறது, படித்துவிட்டுப் போகிறாள். "அருமை" என்று எழுதுவதில்லை. எழுதியவர் யாரென்றும் பார்ப்பதில்லை. இப்படி வருகிறவர்கள் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டுகிறது. எண் பார்த்தே தீர வேண்டும் என்கிற பதிவருக்கு நான் சிபாரிசு செய்வது அந்தப் பட்டியலைத்தான். ஓட்டுப்பட்டைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை அதற்குக் கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.