நிலப்பிரிவும் இலக்கியப் பிரிவும்

ஒரு நாட்டை வலயங்களாகப் பிரித்தறிவதற்குப் புவியியலாசிரியர் கைக்கொள்ளும் முறை வேறு. அந்நாட்டு இலக்கியத்தை அளந்தறிவதற்கு விமர்சகர் கைக்கொள்ளவேண்டிய முறை வேறு. ஈழத்துத் தமிழ் விமர்சனத்திலே இவ்விரண்டும் நெடுங்காலமாக ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. யாழ்ப்பாண இலக்கியம், மட்டக்களப்பு இலக்கியம், வன்னி இலக்கியம், மலையக இலக்கியம் என வகுத்துக்கொண்டோம். வகுத்ததோடு நில்லாது, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அடையாளப் பொருளையும் கட்டிவிட்டோம். யாழ்ப்பாணத்துக்குப் பனை, மட்டக்களப்புக்கு வாவி, வன்னிக்குக் காடும் குளமும், மலையகத்துக்குத் தேயிலையும் பனிமூட்டமும். பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் மாணவனுக்கு இப்பட்டியல் வசதியானதே. ஆனால் ஒரு நாவலை மதிப்பிடுவதற்கு இது எவ்வளவு தூரம் துணைசெய்யும்?

மண்வாசனை வேண்டும் என்ற குரல் எழுந்த காலத்தில் அது முற்றிலும் நியாயமான குரலாகவே இருந்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளைப் பார்த்து எழுதிப் பழகிய நம்மவர் சிலர், மெரீனாக் கடற்கரையைக் கண்ணாற் காணாமலே அங்கே காதலரை உலாவவிட்டனர். அந்நிலையில், உன் ஊரை எழுது, உன் அயலவன் பேசும் தமிழை எழுது என்று கூறுவது ஒரு போராட்டமாகவே இருந்தது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்த கைலாசபதியும் தேசிய இலக்கியம் என்ற கோஷத்தை முன்வைத்தபோது, பண்டிதர் சிலர் அதனை இழிசனர் வழக்கென்று ஒதுக்க முயன்றதை இலக்கிய வரலாறு அறியும். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்', மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' போன்ற தொகுதிகள் அந்தப் போராட்டத்தின் விளைச்சலேயாகும்.

இக்குரல் எவ்வளவு காலம் பிந்தி எழுந்தது என்பதைக் கண்டி மாவட்டத்தில் வாழும் நாம் நன்குணரலாம். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் கொள்ளும் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் சித்திலெப்பை கண்டியிலே பிறந்தவர். எனினும் கதை நிகழும் களமோ எகிப்து முதலிய பிறநாடுகள். கோப்பிச் செடிகள் நோயுற்று அழிய, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியக் கூலி மக்கள் காடு கடந்து, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக மலையேறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. கல்விக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் அரும்பணி ஆற்றிய அப்பெரியாரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. வீரசாகசக் கதையே அன்றைய நாவலின் இலட்சணம். நம் வாசலிலே நடந்துசென்ற மனிதர் நம் நாவலுக்குள் நுழைவதற்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையே இங்கு சுட்ட விரும்புகிறோம்.

ஆனால் வென்ற கோஷங்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவை சடங்காகிவிடும். நாலு வட்டார வழக்குச் சொற்கள், இரண்டு மரங்கள், ஓர் ஆறு, ஒரு கோயில் திருவிழா ஆகியன இருந்தால் மண்வாசனை கமழ்கிறது என்று முன்னுரை எழுதிக்கொடுக்கும் வழக்கம் இன்று வேரூன்றிவிட்டது. இவ்வாசனை பெரும்பாலும் சுற்றுலாப் பயணியின் மூக்குக்கு எட்டும் வாசனையே.

இதற்குப் பண்டை இலக்கணத்தைத் துணைக்கழைப்போரும் உளர். ஐந்திணை வகுத்த மரபினர் நாம். நிலமே இலக்கியத்தின் முதற்பொருள் அன்றோ என்பர். தொல்காப்பியர் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். அதனினும் முக்கியமானது, கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்பவற்றோடு 'செய்தி' என்ற ஒன்றையும் அவர் வைத்தமை. செய்தி என்பதற்குத் தொழில் என்றே உரைகாரர் பொருள் கூறுவர். மரத்தையும் பறவையையும் எடுத்துக்கொண்டு தொழிலைக் கைவிடுபவர் திணைமரபைக் காப்பவராகார். பாலை பற்றிய செய்தியும் சிந்திக்கத்தக்கது. அதற்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்லும். நிலம் திரியும், திரிந்த நிலத்தில் வாழ்வும் திரியும் என்ற உண்மையை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர்.

மலையகத்தைக் குறிஞ்சி என்று கூறிப் பூரிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். தேனும் தினையும் விளைந்த மலையன்று இது. ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துரையிலே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து, மலைகளின் தோற்றமே முதலாளியத்தின் கணக்குக்கேற்ப மாற்றப்பட்டது. காடு வெட்டப்பட்டது, சரிவுகள் நிரைகளாக வகுக்கப்பட்டன, லயன்கள் எழுந்தன. நாம் இயற்கையென்று வருணிக்கும் பச்சை அனைத்தும் மனித உழைப்பு. அப்பச்சைக்குள் வாழ்ந்தவரின் எல்லையை மலையும் ஆறும் வகுக்கவில்லை; துண்டும் பிரட்டுக்களமும் வகுத்தன. பின்னர் 1948இன் குடியுரிமைச் சட்டம் அவ்வெல்லையை இன்னும் இறுக்கிற்று. அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே வாக்குரிமையும் இழந்தனர். ஆகவே மலையகம் என்ற பிரதேசத்தை ஆக்கியவை மூலதனமும் சட்டமுமே. அதனைப் பனிமூட்டத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ள முனைவது வீண்முயற்சி.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்தால் நமக்குப் பழக்கமான நூல்கள் சில வேறுவிதமாகத் தோற்றமளிக்கும். 1964ஆம் ஆண்டில் இரு நாவல்கள் வெளிவந்தன: நந்தியின் 'மலைக்கொழுந்து', கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. நந்தி யாழ்ப்பாணத்தவர், மருத்துவர். வெளியார் எழுதிய மலையக நாவல் என்று அதனைச் சிலர் அரைமனதோடு ஏற்பதுண்டு. பிறந்த ஊரைக் கேட்டு இலக்கியத்துக்கு அனுமதிச்சீட்டு வழங்குவது, குடியுரிமைக்கு ஆதாரம் கேட்ட அதிகாரிகளின் வேலையாகவே எமக்குப் படுகிறது. அவர் எதனைக் கண்டார், எதனைக் காணத் தவறினார் என்று கேட்பதே விமர்சனம். மற்றைய நாவலின் தலைப்போ பிரதேச வருணனைக்கே ஒரு கண்டனம். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. அருகிற் சென்றவருக்குக் கிடைத்தது என்ன என்பதே நாவல்.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதையை எடுத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் வெளிவந்த இக்கதையை இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அதில் மலைக்காட்சி உண்டா என்றால் உண்டு. ஆனால் அக்காட்சியைக் கதை ஒரு கணமும் ரசித்துக்கொண்டு நிற்பதில்லை. கொழுந்தின் நிறையே கதையின் அச்சு. தராசில் ஏறும் இறாத்தலோடு ஒரு பெண்ணின் திறமையும் மானமும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. வேறெந்த நிலத்திலும் இக்கதை இதே வடிவில் நிகழ முடியாது. ஏனெனில் வேறெங்கும் கூலியும் கௌரவமும் இந்தத் தராசில் இவ்வாறு நிறுக்கப்படுவதில்லை. இதனையே பிரதேச இலக்கியம் என்று நாம் கொள்வோம். சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலின் தலைப்பிலும் இதே உண்மை உண்டு. தொழிலை இழந்தவன் கூரையையும் இழக்கிறான், லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தமாகையால். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவருக்கு, வாக்கும் வீடும் ஒருசேரப் பறிபோவதன் பொருளை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மலையகத்துக்கு வெளியேயும் இது பொருந்தும். பேராதனையிலே புவியியல் பயின்ற செங்கை ஆழியான் 'வாடைக்காற்று' எழுதினார். புவியியல் கற்றவர் காற்றை வருணனைக்காக வீணாக்கவில்லை. நெடுந்தீவிலே வாடியமைத்து மீன்பிடிப்போரின் தொழில் நாட்காட்டி அக்காற்று. வன்னியை எழுதிய பாலமனோகரனின் 'நிலக்கிளி'யைப் பாராட்டுவோர் பெரும்பாலும் காட்டின் வனப்பையும் நாயகியின் வெகுளித்தனத்தையுமே எடுத்துரைப்பர். அந்நாவலின் நெருக்கடி, வெளியிலிருந்து வந்த படித்த ஆசிரியன் அக்காட்டு வாழ்வுக்குள் நுழைவதிலே தொடங்குகிறது என்பதை அவர்கள் போதிய அளவு பேசுவதில்லை. ஒரு பிரதேசம் மற்றொன்றைத் தொடும் இடத்திலேயே கதை பிறக்கிறது.

இந்தியா போன்ற பெருநாட்டிலே இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பணீசுவரநாத் ரேணுவின் 'மைலா ஆஞ்சல்' 1954இல் வெளிவந்து, இந்தியிலே வட்டார நாவல் என்ற வகைக்கே வழிகாட்டியாயிற்று. பீகாரின் பூர்ணியாக் கிராமமொன்றுக்கு ஒரு மருத்துவன் வருகிறான். அவன் ஆராயும் நோய்களுக்குப் பின்னால் வறுமையே நிற்கிறது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' கரிசல் இலக்கியத்தின் கொடியென்று போற்றப்படுகிறது. அக்கிராமத்தைத் தோற்றுவித்தவரோ வடக்கேயிருந்து தப்பியோடிவந்து காடு திருத்திய தெலுங்கர். கரிசலும் வந்தேறியவரின் கையால் ஆனதே. முல்க்ராஜ் ஆனந்த் 1937இல் எழுதிய தேயிலைத் தோட்ட நாவலிலே, பஞ்சாபி உழவன் ஒருவன் ஆசைகாட்டி அழைக்கப்பட்டு அஸாமுக்குச் செல்கிறான். அது பஞ்சாப் நாவலா, அஸாம் நாவலா? இக்கேள்வியே பயனற்றது. அந்த இரு நிலங்களையும் ஒரு சங்கிலியிற் கோத்தது எது என்பதே பயனுள்ள கேள்வி. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யும் அத்தகையதே. திருநெல்வேலிச் சேரியிலே தொடங்கி இலங்கைத் தோட்டத்துக்கு வந்து மீளும் அக்கதை, மணிக்கொடிக் காலத்திலேயே இருகரைகளையும் சேர்த்துப் பார்த்தது. அவர் இத்தோட்டங்களை நேரிற் காணாதவர். விவரங்களிலே பிழை கண்டுபிடிப்பது எளிது. ஆயினும் நிலமற்ற கூலியின் வறுமையும் தோட்டத் துரையின் அதிகாரமும் ஒரே கயிற்றின் இரு நுனிகள் என்பதை அவர் கண்டுவிட்டார்.

இவ்விடத்தில் நாம் வாழும் கட்டுகஸ்தோட்டையைச் சற்றுப் பார்க்கலாம். ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள சிங்களச் சொல்லுக்குத் துறை என்பது பொருள். தேயிலைத் தோட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு காலத்தில் பயணிகள் இங்கு நின்று மகாவலியில் யானை குளிப்பதைப் படம்பிடித்துச் செல்வர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வீதி இவ்வழியே சென்று, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என நாட்டின் பல வலயங்களை ஊடறுக்கிறது. போர்க்காலத்தில் அவ்வீதி வடக்கே அடைபட்டுக் கிடந்து, 2002இல் திறந்து, 2006இல் மறுபடியும் மூடுண்டது. ஆற்றின் வழியே சிறிது கீழே சென்றால் பொல்கொல்ல அணை. 1976 முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி அங்கிருந்து சுரங்கவழியே உக்குவளைக்குச் சென்று மின்சாரம் ஆக்கி, பின்னர் அம்பன் கங்கையோடு சேர்ந்து உலர்வலயத்து வயல்களுக்குப் பாய்கிறது. மலைநாட்டு மழை வறள்நிலத்து நெல்லாகிறது. பாடநூலிலே ஈரவலயம், உலர்வலயம் என்று இரு நிறத்தில் தீட்டிய படத்தின் கோட்டை அந்நீர் பொருட்படுத்துவதில்லை.

இவ்வூர்ப் பாடசாலைகளில் தோட்டத்துப் பிள்ளைகளும், கடைக்காரரின் பிள்ளைகளும், அக்குறணை முஸ்லிம் பிள்ளைகளும், உத்தியோகத்தின் பொருட்டு வடக்கிலிருந்து வந்து தங்கிவிட்டோரின் பிள்ளைகளும் கற்கின்றனர். எமது பிரதேசம் என்ற பொருளிற் கட்டுரை எழுதச் சொன்னால், தோட்டத்தில் ஒருநாளேனும் வாழாத பிள்ளையும் பச்சைப்பசேலென்ற தேயிலை மலைகள் என்றே தொடங்கும். தன் தந்தை நாள்முழுதும் நிற்கும் கடையையோ, சிங்கள அயலவரோடு தன் தாய் பேசும் கலப்பு மொழியையோ எழுதலாம் என்று அப்பிள்ளைக்குத் தோன்றுவதில்லை. அவ்வாழ்வுக்கு நமது பட்டியலில் இடமில்லை என்பதை அது எப்படியோ அறிந்துவைத்திருக்கிறது. இலக்கியப் பிரிவினை செய்யும் தீங்கிற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழகத்துக் கிராமத்தார் வாயில் மலைநாடு முழுவதும் கண்டிச்சீமை என்றே வழங்கிற்று. அச்சீமையிலிருந்து மீண்டவரின் கதை இன்னும் சரிவர எழுதப்படவில்லை. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பங்கிட்டன. இங்கு நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. சென்றவர்களுக்கு வேலையளிக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் சிலோன்காரர். இங்கே தங்கிவிட்ட அவர்தம் உடன்பிறந்தாரோ நெடுங்காலம் குடிசன மதிப்பீட்டிலே இந்தியத் தமிழர். ஒரே லயனிற் பிறந்து, ஒரே கொழுந்தைக் கிள்ளி, இரு நாடுகளிலும் அந்நியப் பெயர் சுமக்கும் இவர்களுடைய எழுத்தை எந்தப் பிரதேசத்தில் வைப்பது? மலையகத் தொகுப்பை ஆயத்தஞ்செய்வோர் பக்கங்களைப் பங்கிடுமுன் இக்கேள்விக்கு விடை தரவேண்டும். நீலகிரியின் எழுத்தைத் தொகுப்போரும் அவ்வாறே.