கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பழைய ஆவ்ரோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஃப்ளைட் சிமுலேட்டருக்காகச் செய்த விமானத்தைப் புதிய சிமுலேட்டரில் பறக்கவிட முடியும். ஆனால் எல்லா விமானமும் வராது. வருவதும் முழுசாக வராது. அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், என் பதில் மேகமலைச் சரிவில் இருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் (எஃப்எஸ்எக்ஸ்) 2006 அக்டோபரில் வந்தது. அதற்கடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்க ஆர்வலர்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து விமானங்களை உருவாக்கி, பெரும்பாலும் இலவசமாகவே கொடுத்தார்கள். 2020 ஆகஸ்ட் 18 அன்று பிரான்சின் அசோபோ ஸ்டுடியோ செய்த புதிய சிமுலேட்டர் வெளிவந்தது. பிங் வரைபடத்தின் செயற்கைக்கோள் படங்களை இணையம் வழியாக இழுத்து, பூமி முழுவதையும் அது கண்முன் விரித்தது. நிலம் அசலாகிவிட்டது. பழைய விமானங்கள் ஹார்டு டிஸ்கின் மூலையில் தங்கிவிட்டன.

நான் தூசி தட்டி எடுத்தது ஆவ்ரோ 748. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் டர்போபிராப் இன்ஜின்கள், தாழ்ந்த இறக்கை, காதைக் கிழிக்கும் விசில் சத்தம். இங்கிலாந்தில் 1960 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது. அடுத்த ஆண்டே கான்பூரிலும் உரிமம் பெற்றுக் கட்டினார்கள்; பிறகு அந்த ஆலை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸோடு சேர்ந்தது. கான்பூரில் மட்டும் 89 விமானங்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டியது, விமானப் படையும் ஓட்டியது. அதற்கு மாற்றாக 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டதே 2021-ல்தான். ஏர்பஸ்களும் செஸ்னாக்களும் நிரம்பிய 2020 சிமுலேட்டரின் அடிப்படை வரிசையில் இந்த விமானத்துக்கு இடமில்லை.

தேனிக்காரனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ ஒன்று, சின்னமனூர் அருகே மலையில் மோதியது. பகல் நேரம்தான், பார்வைத் தூரம் குறைவாக இருந்தது. விமானப் பணியாளர்கள் 4 பேரும் பயணிகள் 17 பேரும் இறந்தார்கள். பயணிகளில் 10 பேர் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள். மதுரை இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவி பயணிகள் விமானங்களில் பரவியது 1970-களின் நடுவில்தான். நான் அந்த விபத்தை சிமுலேட்டரில் நடித்துப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவும் வேண்டாம். ஆனால் முள் காட்டும் மீட்டர்களையும் முன்கண்ணாடியையும் மட்டும் நம்பி, சின்னமனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்குள் போனால் மலை எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசை இருந்தது. புதிய விமானங்களில் அது தெரியாது. அவற்றின் திரையே மலையைச் சிவப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய விமானத்தின் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே மாடல், பேனல், சவுண்ட், டெக்ஸ்சர் என்று துணை ஃபோல்டர்கள். கூடவே ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி என்ற கோப்பும், காற்றில் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கை வைத்திருக்கும் ஏர் கோப்பும் இருக்கும்.

முதல் சோதனை மாடல் கோப்பில். அதை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து தலைப்பக்கத்தைப் பாருங்கள். 'ரிஃப்' என்ற நான்கு எழுத்தை அடுத்துச் சற்றுத் தள்ளி 'எம்டிஎல்எக்ஸ்' என்றிருந்தால் அது எஃப்எஸ்எக்ஸுக்கென்றே செய்தது, பிழைக்கும். 'எம்டிஎல்9' என்றிருந்தால் அது 2003-ல் வந்த முந்தைய சிமுலேட்டருடையது. மாடல் கன்வெர்ட்டர் எக்ஸ் போன்ற கருவியில் போட்டு மாற்றினால் வெளித்தோற்றம் தேறலாம், காக்பிட் தேறுவது கடினம். இணையத்தில் 'எஃப்எஸ்எக்ஸுக்கு ஏற்றது' என்ற அடைமொழியோடு கிடப்பவற்றில் இந்த இரண்டாம் வகையும் கலந்துதான் கிடக்கிறது.

இரண்டாவது சோதனை பேனல் ஃபோல்டரில். மீட்டர்கள் எக்ஸ்எம்எல்லாகவோ கேப் கோப்புக்குள் கட்டியோ இருந்தால் நல்லது. கோப்புப் பெயரின் முடிவில் 'கௌ' என்றிருந்தால் அவை 32 பிட்டில் கம்பைல் செய்த நிரல்கள். புதிய சிமுலேட்டர் 64 பிட். வெளி நிரல்களை வெப்அசெம்ப்ளி என்ற வேலிக்குள் மட்டுமே ஓடவிடும். பழைய கௌ கோப்பு அதற்குள் நுழைய வழியே இல்லை. என் ஆவ்ரோவில் வேகமானி, உயரமானி, செயற்கைத் தொடுவானம், இன்ஜின் மீட்டர்களில் பாதி எக்ஸ்எம்எல். ரேடியோவும் வானிலை ரேடாரும் கௌ. அந்த இரண்டு இடத்திலும் இப்போது கறுப்புச் சதுரம்.

மாற்றும் வேலையின் பெரும்பகுதியை லெகசி இம்போர்ட்டர் என்ற இலவசக் கருவி பார்த்துக்கொள்கிறது. பழைய ஒற்றை சிஎஃப்ஜி கோப்பை இன்ஜினுக்கு ஒன்று, சிஸ்டத்துக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, பறக்கும் கணக்குக்கு ஒன்று என்று பிரிக்கும். ஏர் கோப்பிலுள்ள எண்களை உருவிப் புதிய இடத்தில் போடும். எல்லாவற்றையும் கம்யூனிட்டி ஃபோல்டரில் ஒரு பொதியாகக் கட்டி, எந்தக் கோப்பு எங்கே, என்ன அளவு என்று லேஅவுட் ஜேசன் என்ற பட்டியலையும் எழுதும். இந்தப் பட்டியலை மறக்காதீர்கள். அப்புறம் நீங்கள் ஒரு டெக்ஸ்சரைச் சேர்த்தாலும் இதை மறுபடி உருவாக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கோப்பு சிமுலேட்டரைப் பொறுத்தவரை கிடையவே கிடையாது.

மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையாகி ரயில் தேனிக்கு வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். பழைய விமானத்தை மாற்றும் வேலையும் அந்த மாதிரிதான்: பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், சக்கரச் சட்டத்தை மாற்றாமல் ஓட்ட முடியாது. இங்கே சக்கரச் சட்டம் என்பது பறக்கும் கணக்கு. பழைய சிமுலேட்டர் விமானத்தை ஏறக்குறைய ஒற்றைப் புள்ளியாக வைத்து அட்டவணையைப் பார்த்து விசைகளைப் போட்டது. புதியது விமானத்தின் மேற்பரப்பை ஆயிரம் புள்ளிகள் அளவுக்குப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று என்ன செய்கிறது என்று கணக்குப் பார்க்கிறது. இதற்கு உடலின் நீளம், விட்டம், மையம் என்று பழைய கோப்பில் இல்லாத அளவுகள் தேவை. கருவி உத்தேசமாக எதையோ நிரப்பும். ஆவ்ரோவின் அசல் அளவுகளைப் பார்த்து நீங்களே திருத்துவது நல்லது.

டார்ட் இன்ஜின் தனித் தலைவலி. அதில் டர்பைனும் கம்ப்ரஸரும் புரொப்பல்லரும் ஒரே தண்டில் சுற்றுபவை; ஒரே நெம்புகோல் எரிபொருளையும் சுற்று வேகத்தையும் சேர்த்து ஆளும். சிமுலேட்டருக்குத் தெரிந்த டர்போபிராப்போ, புரொப்பல்லருக்குத் தனி டர்பைன் உள்ள வகை. விமானத்தைச் செய்தவர் அன்று எஃப்எஸ்எக்ஸில் தந்திரம் செய்து இதைச் சமாளித்திருந்தார். அந்தத் தந்திரம் இங்கே பலிக்கவில்லை. புரொப்பல்லர் நெம்புகோலை முழுக்க முன்னால் தள்ளிவைத்துவிட்டு த்ராட்டிலை மட்டும் ஆட்டினால் ஓரளவு ஒத்துவருகிறது. சத்தம் பழைய வேவ் கோப்புகளிலிருந்தே வந்தது. விசில் அப்படியே இருக்கிறது.

என்னை அதிக நேரம் உட்காரவைத்தது முன்கண்ணாடி. முதலில் ஏற்றியபோது விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வெளியே பால் ஊற்றியதுபோல் வெள்ளை. பழைய மாடல்களில் கண்ணாடிக்கு ஒரு டெக்ஸ்சரும், அது எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபா அடுக்கும் இருக்கும். புதிய சிமுலேட்டர் ஒளியைக் கணக்கிடும் முறை வேறு. அந்த அடுக்கை அது புரிந்துகொள்ளும் விதமும் வேறு. டெக்ஸ்சரைப் படத் திருத்தியில் திறந்து, ஆல்ஃபா அடுக்கை முழுக்கக் கறுப்பாக்கி, மறுபடி டிடிஎஸ் கோப்பாகச் சேமித்து, லேஅவுட்டைப் புதுப்பித்ததும் மதுரை ஓடுபாதை தெரிந்தது. கண்ணாடியில் பிரதிபலிப்பு போயிற்று, போகட்டும். சுழலும் புரொப்பல்லர் தட்டும் இதே நோயால் கெட்டியான வட்டமாகத் தெரிந்தது, மருந்தும் அதேதான்.

மதுரையில் 7,500 அடி ஓடுபாதை. ஆவ்ரோவுக்குத் தாராளம். மேற்கே கிளம்பினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய். கணவாயைத் தாண்டியதும் வலப்பக்கம் வைகை அணையின் நீர்ப்பரப்பு. தேனியில் இடப்பக்கம் திரும்பினால் பள்ளத்தாக்கு திறக்கிறது: இடது கையில் மேகமலை, வலது கையில் போடி மலையும் அதற்கப்பால் கேரளத்து ஏலமலையும், நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பச்சை பிடித்த வயல்கள், தென்னந்தோப்புகள். பழைய எஃப்எஸ்எக்ஸில் இந்த இடம் எங்கோ இருக்கும் ஏதோ ஒரு பச்சை மேடு. இப்போது சின்னமனூரும் உத்தமபாளையமும் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. குறையும் உண்டு. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களும் குமுளி மலைப்பாதையின் வளைவுகளும் சரிவில் ஒட்டிய படமாகத்தான் கிடக்கின்றன. பன்னீர் திராட்சைப் பந்தல்களைத் தரையில் தேடாதீர்கள்.

பள்ளத்தாக்கின் தரை ஆயிரம் அடி உயரத்தை ஒட்டியது. மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் ஐயாயிரம் அடி வாக்கில். மணிக்கு 240 கடல் மைல் என்ற ஆவ்ரோவின் பயண வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால், சுற்றி வர ஐந்தரை கிலோமீட்டர் அகலம் வேண்டும். வேகத்தை 140-க்கு இறக்கினால் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கும். கூடலூர்ப் பக்கம் மலைகள் நெருங்கிவரும்போது இந்தக் கணக்கு உடம்பில் உறைக்கிறது. சின்னமனூருக்குத் தெற்கே மேகத்தைத் தாழ்த்திவைத்துப் பார்த்தேன். மீட்டர்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன; எந்த முள்ளும் பக்கத்தில் மலை இருப்பதைச் சொல்வதில்லை. உயரமானி கடல் மட்டத்திலிருந்து உயரத்தைச் சொல்லும், அவ்வளவுதான். மேகம் விலகும் இடைவெளியில் சரிவு திடீரென்று கண்ணாடி முழுக்க நிற்கிறது. இதை எந்தப் புத்தம்புது விமானமும் எனக்குக் காட்டியிருக்காது.

பலவீனம் எங்கே என்றால் காற்றில். தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பள்ளத்தாக்கில் என்ன போடு போடும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்; ஆண்டிபட்டி வட்டாரத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. புதிய சிமுலேட்டர் மலைமேல் மோதி எழும் காற்றையும் மறுபக்கம் விழும் காற்றையும் கணக்கில் எடுக்கிறது. அதன் சொந்தச் சிறு விமானங்களில் ஒரு இறக்கை மட்டும் தூக்கப்படுவதைக் கையில் உணரலாம். என் ஆவ்ரோவோ முழு உடம்போடு ஏறுகிறது, முழு உடம்போடு இறங்குகிறது. அளவுகளைத் திருத்திய பிறகு கொஞ்சம் தேறியது, அசல் விமானத்தின் கனமான ஆட்டம் வரவில்லை. தரையில் இறங்கும்போது சக்கரம் அரை அடி புதைந்தது. காண்டாக்ட் பாயிண்ட் எண்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தாயிற்று. இரவில் பறக்க வேண்டாம், பேனல் விளக்குகள் வேலை செய்யவில்லை.

இதற்கு என்ன கணினி வேண்டும்? பரிந்துரை என்று சொல்லப்பட்டது 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 970 வகை கிராஃபிக்ஸ் கார்டு, 150 ஜிபி இடம், 20 எம்பிபிஎஸ் இணையம். பழைய விமானம் இதில் கூடுதல் சுமை எதுவும் ஏற்றுவதில்லை, மாடல் எளிமையானது. இணையம் அறுந்தால்தான் பள்ளத்தாக்கு மறுபடி பச்சை மேடாகிவிடும்.

போகிற போக்கில் ஒன்று. குமுளிக்கு அந்தப்பக்கம், வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்சிசிக்காக 650 மீட்டர் ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பர் 1 அன்று அங்கே வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்ற சிறு விமானம் முதன்முதலாக இறங்கியது. அதன் நெருங்கிய உறவான வைரஸ் எஸ்டபிள்யூ 121 சிமுலேட்டரின் பிரீமியம் டீலக்ஸ் பதிப்பிலேயே இருக்கிறது. பள்ளத்தாக்கைச் சும்மா சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கோப்பையும் தொட வேண்டாம்.

அதேபோல டிசி-3 என்ற டகோட்டா வேண்டும் என்பவர்களும் இதில் இறங்க வேண்டாம். 2022 நவம்பரில் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் டிசி-3 இலவசமாகவே சேர்ந்துவிட்டது, கிளைடர்களும் கூட. ஆவ்ரோ மாதிரி, ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப் மாதிரி, அந்த வரிசையில் இடம்பிடிக்காமல் போன விமானம் ஒன்றின்மேல் உங்களுக்குப் பிரியம் இருந்தால் மட்டும் இந்த வேலை தகும். மாற்றியதை உங்கள் கணினியோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய விமானங்களின் ரீட்மீ கோப்பில் பெரும்பாலும், கேட்காமல் திருத்தி வெளியிடக் கூடாது என்று செய்தவர் எழுதியிருப்பார். இலவசமாகக் கொடுத்தவர் என்பதால் அந்த வரி செல்லாமல் போய்விடாது. அதைப் படித்துவிட்டு பேனல் ஃபோல்டரைத் திறங்கள். கௌ கோப்புகளே நிறைந்திருந்தால் அங்கேயே மூடிவிட்டு வேறு விமானம் தேடலாம்.