இரு கர்ணர்: திரைப்பட வீரனும் தொடர் வீரனும் – எல்லைப்புறச் சுவைஞர் ஒப்பீட்டில் மொழியின் இடம்

ஒரே வீரனைத் திரைப்படம் ஒரு வகையாகவும் தொலைக்காட்சித் தொடர் வேறொரு வகையாகவும் காட்டும்போது, இரண்டனுள் மெய்யான வீரன் யார் என்னும் வினா சுவைஞரிடையே எழுகின்றது. அமெரிக்காவின் மீமிகு ஆற்றல் வீரர் கதைகளில் இவ்வினா பெரிதும் அலசப்பட்டுள்ளது. 'ஃபிளாஷ்' என்னும் விரைவோட்ட வீரனாகத் தொலைக்காட்சியில் 2014 முதல் 2023 வரை கிராண்ட் கஸ்டின் நடித்தார். அதே வீரனாகத் திரைப்படத்தில் எஸ்ரா மில்லர் நடித்தார். இருவரையும் வெவ்வேறு உலகங்களைச் சார்ந்தவராகக் கொள்க என்பது தயாரிப்பாளர் கண்ட தீர்வு. 2020 சனவரியில் ஒளிபரப்பான ஒரு தொடர்நிகழ்ச்சியில் இருவரும் நேருக்கு நேர் சந்திக்கவும் செய்தனர். சுவைஞர் பூசலுக்குக் கதையே இவ்வாறு விடை கூறியது.

தமிழில் இதற்கு நேரான சான்றை மீமிகு ஆற்றல் வீரர் கதைகளில் தேடுவதைவிட, பாரதக்கதையின் கர்ணனிடம் தேடுவதே பொருந்தும். கவசகுண்டலத்துடன் பிறந்தவன், பிறப்பு மறைக்கப்பட்டவன், சாபத்தால் ஆற்றல் முடங்கியவன். மேற்குறித்த வீரர்க்குரிய இலக்கணம் அனைத்தும் அவனிடம் உண்டு. பி.ஆர். பந்துலு இயக்கத்தில் 1964 பொங்கலன்று வெளியான 'கர்ணன்' திரைப்படத்தில் சிவாஜி கணேசன் அவ்வேடம் ஏற்றார். 2013இல் சித்தார்த் குமார் திவாரி உருவாக்கத்தில் இந்தியில் எடுக்கப்பெற்று ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் 267 பகுதிகளாக ஒளிபரப்பான 'மகாபாரதம்' தொடரில் அகம் சர்மா அவ்வேடம் ஏற்றார். அத்தொடர் விஜய் தொலைக்காட்சியில் தமிழிலும் ஏசியாநெட்டில் மலையாளத்திலும் மொழிமாற்றம் பெற்று வந்தது. 1964ஆம் ஆண்டுப் படம் எண்ணியல் முறையில் புதுப்பிக்கப்பெற்று 2012 மார்ச்சில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்திருந்தமையால், ஈராண்டுகளுக்குள் இரு கர்ணரும் தமிழ்ப் பார்வையாளர் முன் நின்றனர். ஒப்பீடு தவிர்க்க இயலாததாயிற்று.

இவ்வொப்பீட்டில் முதலில் நோக்கத்தக்கது சுவைஞர் இருவரையும் பெயரிட்டு வழங்கும் முறை. முன்னவன் 'சிவாஜி கர்ணன்'. பின்னவன் 'விஜய் டிவி கர்ணன்'. இரண்டும் தொகைச்சொற்களே எனினும் அடைமொழியின் தன்மை வேறு. முன்னதில் நடிகர் பெயர் அடையாகின்றது. பின்னதில் அலைவரிசையின் பெயர் அடையாகின்றது. பின்னவனாக நடித்தவர் பெயரைத் தமிழ்ச் சுவைஞருள் பலர் அறியார் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. திரையில் தோன்றும் உடல் ஒருவருடையது. கேட்கும் தமிழ்க்குரல் பெயரறியாத வேறொருவருடையது. இரண்டையும் இணைத்துச் சுட்ட நடிகர் பெயர் போதாமையால் அலைவரிசையின் பெயர் அவ்விடத்தை நிரப்புகின்றது. 2021இல் வேறொரு கதையுடன் இதே பெயரில் ஒரு படம் வந்தபோது 'தனுஷ் கர்ணன்' என்றே வழங்கினர். அங்கு உடலும் குரலும் ஒருவருடையன. பெயரிடும் வழக்கிலேயே சுவைஞர் தம் அளவுகோலைப் புலப்படுத்தி விடுகின்றனர். அவர்கள் பார்ப்பதாகக் கூறினும் உண்மையில் கேட்கின்றனர்.

இரண்டாவது, அவர்கள் ஒப்பிடும் தொடரமைப்பு. தமிழில் ஏற்றத்தாழ்வைக் காட்ட 'ஐ விட' என்னும் உறழ்ச்சி அமைப்பு உண்டு. ஆனால் இச்சூழலில் மிகுதியும் கேட்கப்படுவது 'சிவாஜி மாதிரி வருமா' என்னும் வினா அமைப்பே. 'விட' என்பது அளவு காட்டும். மிகுதி, குறைவு என்னும் படிநிலைக்கு இடம் தரும். 'மாதிரி வருமா' என்பதோ வினா வடிவில் அமைந்த மறுப்பு. ஒன்றை எல்லையாக நிறுத்தி, மற்றது அவ்வெல்லையை அடையாது என்று மட்டும் கூறும். விவாதத்திற்கு இதில் வாயில் இல்லை. திறனாய்வாளர் சிலர் சுவைஞர் ஒப்பீட்டை வெறும் பற்று எனத் தள்ளுவதற்கு இவ்வமைப்பு ஒரு காரணம் ஆகலாம். எனினும் பற்று என்று பெயரிட்டமையால் அது விளக்கம் பெற்றதாகாது. அவ்வெல்லை ஏன் 1964இல் நடப்பட்டது? வில்லிபுத்தூராரிடத்திலோ, வட மாவட்டங்களில் விடிய விடிய ஆடப்பெறும் 'கர்ண மோட்சம்' கூத்திலோ ஏன் நடப்படவில்லை?

இவ்வினாவுக்கு விடை காணப் போடிமெட்டு ஏற்ற இடம். போடிநாயக்கனூரிலிருந்து கொண்டையூசி வளைவுகள் ஏறித் தமிழக எல்லை முடியும் இவ்விடத்தில் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகின்றது. கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை இவ்வழியே பூப்பாறைக்கும் மூணாறுக்கும் செல்கின்றது. ஏலத்தோட்டங்களின் தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர். கீழிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறி வருவோரும் உளர், தலைமுறைகளாக மேலேயே தங்கிவிட்டோரும் உளர். 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடன் நின்றன என்பது யாவரும் அறிந்தது. எல்லை மண்ணைப் பிரித்தது, அலைவரிசைகளைப் பிரிக்கவில்லை. ஒரே வீட்டில் விஜயும் ஏசியாநெட்டும் கிடைக்கும். படம் ஒன்று, நடிகர் ஒருவர், அணிகலனும் தேரும் ஒன்று. மொழி மட்டும் வேறு. மொழியியலார் ஆய்வகத்தில் முயன்று உருவாக்க வேண்டிய சூழல் இங்கு வாழ்க்கையிலேயே அமைந்து கிடக்கின்றது.

இத்தொடரின் தமிழ் வடிவத்தைப் பற்றிக் கூறப்படும் குறை பெரும்பாலும் ஒன்றே: பேச்சு இழுவையாகவும் செயற்கையாகவும் உள்ளது என்பது. இக்குறையை நடிகர்மீது ஏற்றுவோர் உளர். ஆனால் அதே நடிகரின் அதே அசைவுக்கு இணைக்கப்பட்ட மலையாளம் அத்துணைச் செயற்கையாக ஒலிப்பதில்லை. ஆதலின் காரணம் நடிப்பன்று, இலக்கணம்.

இந்தியில் பெயர்ப் பயனிலைத் தொடர் 'ஹை' என்னும் இணைப்பு வினையுடன் முடியும். 'யஹ் அதர்ம் ஹை' என்று கூறும் நடிகரின் வாய் இறுதியில் ஓர் அசைக்குத் திறந்திருக்கும். மலையாளத்தில் 'இது அதர்மமாணு' என 'ஆணு' அவ்விடத்தில் இயல்பாக அமைந்துவிடும். தமிழிலோ 'இது அதர்மம்' என்பதே முற்றுத்தொடர். இணைப்பு வினை வேண்டப்படுவதில்லை. திறந்த வாய்க்கு ஒலி வேண்டுமாதலின் மொழிமாற்றுவோர் 'ஆகும்' என்பதை இட்டு நிரப்புகின்றனர். பாடநூல் உரைநடையிலன்றி வேறெங்கும் பயிலாத அச்சொல் போர்க்களத்தில் ஒலிக்கும்போது கேட்போர் செவி உறுத்தப்படுகின்றது. தர்மம், பிரதிக்ஞை முதலிய வடசொற்களின் நிலையும் இத்தகையதே. மலையாள வடிவம் அவற்றை எழுத்தும் குறையாமல் ஏற்கும். தமிழ் வடிவமோ ஒவ்வோரிடத்திலும் 'தர்மமா, அறமா', 'பிரதிக்ஞையா, சூளுரையா' என்று தேர வேண்டியுள்ளது. தேர்வுக்கேற்ப அசை எண்ணிக்கையும் உதட்டசைவும் மாறும். மகரத்திலும் பகரத்திலும் இதழ்கள் மூடியாக வேண்டும் என்பதை நினைவிற் கொண்டால், 'தர்மம்' இருந்த இடத்தில் 'அறம்' பொருந்தினும், 'பிரதிக்ஞை' இருந்த இடத்தில் 'சூளுரை' பொருந்தாமை விளங்கும்.

வினைமுற்றின் வேறுபாடு இதனினும் ஆழமானது. 'கொடுத்தேன்' என்னும் ஒரு சொல்லில் கொடுத்தவன் இருக்கின்றான். மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் ஈறுகளை இழந்துவிட்டமையால் 'ஞான் கொடுத்து' எனப் பெயரும் உடன்வர வேண்டும். (தமிழ்ச்செவிக்கு அது முற்றாக அன்றி எச்சமாகவே ஒலிக்கும், மலையாளத்தார் இறுதி உகரம் முற்றாக ஒலித்தலையும் குறுகி ஒலித்தலையும் கொண்டு முற்றையும் எச்சத்தையும் பிரித்தறிவர். போடிமெட்டுத் தமிழர் மலையாளம் பேசுகையில் இவ்விடத்தில் இடறுவது இயல்பே.) கொடையாளியாகவே அறியப்பட்ட ஒரு வீரனின் உரையில் 'ஏன்' என்னும் ஈறு வகிக்கும் பங்கு சிறிதன்று. 1964ஆம் ஆண்டுப் படத்தின் உரையாடலாசிரியர் சக்தி கிருஷ்ணசாமி நாடக மேடையிலிருந்து வந்தவர். சிவாஜியும் பாய்ஸ் கம்பெனி மரபினர். அம்மேடைத்தமிழ் வினைமுற்றை ஏறுமுகமாக ஒலித்து முடிக்கும் வழக்குடையது. வாக்கியத்தின் எடை முழுதும் ஈற்றில் விழும். மொழிமாற்றுத் தொடரில் ஈற்றின் எடையைத் தீர்மானிப்பது இந்தி நடிகரின் வாயேயன்றித் தமிழ் உரையாசிரியர் அல்லர். 'சிவாஜி மாதிரி வருமா' என்போர் குறிப்பது இதனையே. அதற்குரிய இலக்கணச் சொல் அவர்களிடம் இல்லை, அவ்வளவே.

எனின், மொழிமாற்றம் என்பதே குறைக்குக் காரணம் என முடிக்கலாமா? முடிக்க இயலாது. சுவைஞர் எல்லையாக நிறுத்தும் அதே 1964ஆம் ஆண்டுப் படத்தில் கிருஷ்ணனாக நடித்த என்.டி. ராமராவுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் கே.வி. சீனிவாசன். அக்கிருஷ்ணனை எவரும் செயற்கை என்பதில்லை, 'என்.டி.ஆர். கிருஷ்ணன்' என்றே பெயரிட்டு, நடிகரின் உடலுக்கும் பிறர் குரலுக்கும் ஒரே பெயரை வழங்குகின்றனர். அங்கு உரை முதலில் தமிழில் எழுதப்பட்டது. வாயும் தமிழுக்கே அசைந்தது. குரல் மாறியது, மொழி மாறவில்லை. எனவே சுவைஞர் இனங்காண்பது கடன்பெற்ற குரலையன்று, கடன்பெற்ற தொடரமைப்பையே.

இரு கர்ணரின் முடிவுக் காட்சிகளிலும் இவ்வேறுபாடு தெளிவாகின்றது. திரைப்படத்தில் அம்புபட்டுக் கிடக்கும் கர்ணனிடம் கிருஷ்ணன் அந்தணனாக வந்து அவன் செய்த தருமப்பயனை யாசிக்கின்றான். சீர்காழி கோவிந்தராசனின் குரல் பின்னணியில் எழுகின்றது. இந்நிகழ்ச்சி வியாசரிடம் இல்லை, வில்லிபாரதத்தில் உண்டு. தொல்காப்பியர் எச்சவியலில் இரத்தற்குரிய கிளவிகளை ஈ, தா, கொடு என மூன்றாக்கி, முறையே தாழ்ந்தோனும் ஒத்தோனும் உயர்ந்தோனும் கூறுவன என்று வகுத்தது தமிழில் இரத்தல் என்பது ஒரு சமூக இலக்கணம் என்பதைக் காட்டும். இறைவன் இரப்போன் நிலைக்கு இறங்க, சாகின்றவன் ஈவோனாக உயர்வது அவ்விலக்கணத்தைத் தலைகீழாக்குவதாகும். காட்சியின் ஆற்றல் அங்கேயே உள்ளது. தொலைக்காட்சித் தொடரின் கிருஷ்ணனோ முதன்மையாக அறம் உரைப்பவன். கர்ணன் வீழும் கட்டத்தில் அவனோடு நீண்ட உரையாடல் நிகழ்த்தி, திரௌபதி அவமதிக்கப்பட்ட அவையில் அவன் நின்ற பக்கத்தை நினைவூட்டி, அவன் வாழ்வின் பிழையை விளக்குகின்றான். இங்குக் கர்ணன் கேட்போனாகின்றான். கருத்தளவில் இது திரைப்படத்தைவிட நேர்மையானது என்றே கூற வேண்டும். அவையில் பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் கர்ணனின் பங்கைத் தமிழ்ப்படம் மென்மையாக்கிவிட்டது. ஆயினும் தமிழ்ச்செவி எதிர்நோக்குவது 'கேள்' என்னும் ஏவலையன்று, இரத்தலையே. நல்ல கருத்து ஏற்புப் பெறாமற்போவதற்கு இஃதொரு சான்று.

மலையாளச் சுவைஞர் இதே கட்டத்தை எதனோடு ஒப்பிடுவர்? அவர்களுக்குப் பின்புலமாகச் சிவாஜி இல்லை. மாலி என்னும் வி. மாதவன் நாயர் இயற்றிய 'கர்ணசபதம்' ஆட்டக்கதையும், திரௌபதியின் நோக்கில் கர்ணனை அலசும் பி.கே. பாலகிருஷ்ணனின் 'இனி ஞான் உறங்ஙட்டெ' (1973) நாவலும் உள்ளன. ஆட்டக்கதையில் வேடதாரி பேசுவதில்லை. பாட்டும் கைமுத்திரையுமே பொருள் உணர்த்தும். நாவலிலோ கர்ணன் வாசகரின் உள்ளத்துள் பேசுகின்றான். இரண்டிலும் கர்ணனுக்கென ஓர் உறுதியான குரல் முன்னரே பதியவில்லை. ஆகவே தொடரின் மலையாளக் குரல் காலியிடத்தில் வந்தமர்ந்தது. தமிழ்க்குரல் ஏற்கெனவே ஆள் அமர்ந்த இருக்கையை நாடி வந்தது. வில்லியும் கூத்தும் எல்லையாக நில்லாமைக்கும் இதுவே காரணம் எனலாம். வில்லியின் கன்னன் படிக்கப்படுபவன். கூத்தின் கர்ணன் ஊர்தோறும் குரல் மாறுபவன். ஒரே குரலாக நிலைபெற்று மாநிலமெங்கும் ஒலித்த முதற் கர்ணன் 1964இன் கர்ணனே.

1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் வந்த பி.ஆர். சோப்ராவின் தொடர் இக்கருத்துக்கு எதிர்மறைச் சான்றாக அமைகின்றது. அதில் பங்கஜ் தீர் கர்ணனாக நடித்தார். ராஹி மாசூம் ரசா உரையாடல் எழுதினார். இந்தி அறியாத தமிழர் அதனைக் கண்டபோது ஒப்பீடு உருவம், முடி, தேர் என்னும் அளவில் நிற்க நேர்ந்தது. குரலோடு குரல் மோதவில்லை. இருக்கைப் பூசலும் எழவில்லை.

இவற்றுள் நடைமுறைப் பொருட்டு ஒன்று உண்டு. இடுக்கியின் மலைப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. எனினும் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் தமிழ்க்குழந்தைகளும் உளர். வீட்டில் அவர்கள் கேட்பது பேச்சுத்தமிழ். பள்ளியில் கேட்பது பிறமொழி. எழுத்துத்தமிழின் முழு வினைமுற்றும் விளியும் 'தாங்கள்' என்னும் மதிப்புப் பெயரும் நாள்தோறும் அவர்கள் செவியில் விழும் வாயில்களுள் மொழிமாற்றுத் தொடர் ஒன்று. அதனை எழுதுவோர் 'ஆகும்' இட்டு நிரப்புவதும் நிரப்பாது விடுவதும் அக்குழந்தைகளின் செந்தமிழைத் தீர்மானிக்கும் செயல்கள். அவர்களுக்குக் கர்ணனின் முதற்குரல் தொடரின் குரலே. பின்னாளில் 1964ஆம் ஆண்டுப் படத்தைக் காணும்போது அவர்கள் கூறும் குறை வேறு: அதில் எல்லோரும் உரக்கப் பேசுகின்றனர் என்பது.